லீவு யாருக்கு?

(பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி, கீழ்பென்னாத்தூர்)

ஆங்கிலம் தெரியாத தமிழர் பலர் உண்டு. 'லீவு' தெரியாத தமிழர் ஒருவர் உண்டா? கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் என் ஆயாவுக்கு அச்சொல் தெரியும். அங்கன்வாடிக்குச் செல்லும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் லீவு, பாங்கி லீவு, ரேஷன் கடை லீவு, டாக்டர் லீவு! காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரை இச்சொல்லைச் சொல்லாத வீடு இல்லை எனலாம்.

இதைத் தமிழிலிருந்து விரட்ட வேண்டும் என்று வாதாட நான் பேனா எடுக்கவில்லை. மக்கள் நாவில் ஊறிவிட்ட சொல் ஒரு கட்டுரையால் ஓடிவிடப் போவதும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. நாம் 'லீவு' என்னும் ஒரே மூட்டைக்குள் நான்கு வெவ்வேறு பொருள்களைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். கட்டி வைத்திருப்பதால், யாருக்கு எது கிடைக்கிறது, யாருக்கு எது கிடைக்கவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. அந்த மூட்டையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போமா?

விடையும் லீவும்

ஆங்கிலத்தில் 'லீவ்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு முதற்பொருள் 'ஓய்வு' அன்று, 'அனுமதி' என்பதே. பழைய ஆங்கிலத்தில் இசைவைக் குறித்த சொல் அது. 'விட்டுப் போ' என்னும் பொருளில் வரும் 'லீவ்' என்ற வினைச்சொல் ஒலியால் ஒன்றுபோல் இருந்தாலும், அது வேறு வேரில் முளைத்தது. மிச்சம் வைத்தல் என்பதே அவ்வினையின் பழம்பொருள். பெயர்ச்சொல்லாகிய 'லீவ்', அன்பைக் குறிக்கும் 'லவ்' என்ற சொல்லுக்கும், நம்பிக்கையைக் குறிக்கும் 'பிலீவ்' என்ற சொல்லுக்கும் உறவினம் என்று மொழியறிஞர் கூறுவர். கேட்பவர் மீது நம்பிக்கை வைத்து, விரும்பிக் கொடுக்கும் இசைவுதான் லீவு!

தமிழிலும் இதற்கு நேரான அழகிய சொல் உண்டு. அது 'விடை'. வினாவுக்கு வரும் மறுமொழியும் விடை. புறப்படுகிறவருக்குத் தரும் அனுமதியும் விடை. 'விடைபெறுகிறேன்' என்று மேடையில் முடிக்கிறோமே, அதற்கு 'போக இசைவு பெறுகிறேன்' என்பதே பொருள். விடுமுறை, விடுப்பு, விடுதலை ஆகிய சொற்களும் 'விடு' என்னும் அதே வேரில் கிளைத்தவைதாம்.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. இன்று நம் அரசு அலுவலகக் கோப்புகளில் இரண்டு சொற்களைத் தனித்தனியே ஆளுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக விடப்படும் நாள் 'விடுமுறை'. ஒருவர் விண்ணப்பித்துப் பெறுவது 'விடுப்பு'. தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு என்று அதில் வகைகள் உண்டு. 'ஈட்டிய' என்ற அடைமொழியைக் கவனியுங்கள். உழைத்தவர் பணத்தை மட்டும் அல்ல, ஓய்வையும் ஈட்டுகிறார் என்னும் உண்மை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. விடுமுறை உரிமை, விடுப்பு அனுமதி. பேச்சில் இரண்டையும் 'லீவு' என்றே சொல்லி வேறுபாட்டைக் கரைத்துவிட்டோம்.

இனி நம் 'லீவ் லெட்டர்' கதைக்கு வருவோம். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் கற்பிக்கும் முதல் கடிதம் அது. 'ஆஸ் ஐ யாம் சபரிங் ப்ரம் பீவர்' என்று தொடங்கும் அந்த வரியை உறக்கத்திலும் ஒப்பிப்போம். வேறு காரணம் எழுத நமக்கு ஆங்கிலம் வராது. ஆகவே எல்லாக் காரணங்களுக்கும் காய்ச்சல் ஒன்றே கைகொடுக்கிறது. அக்காவுக்குப் பிரசவம், கடிதத்தில் காய்ச்சல். தந்தை கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார், மாடு மேய்க்க ஆள் இல்லை, கடிதத்தில் காய்ச்சல். நடவுக்கும் காய்ச்சல், அறுவடைக்கும் காய்ச்சல். மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் எங்கள் பக்கத்து மாணவ மாணவியருக்கு ஒரே வாரத்தில் மொத்தமாகக் காய்ச்சல் வருவதைக் கண்டால், சுகாதாரத் துறையே திடுக்கிட்டு எழ வேண்டும்!

இது சிரிக்க வேண்டிய செய்தி மட்டும் அன்று. 75 விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வு எழுத முடியாது என்பது பட்டப்படிப்பில் நாம் நன்கறிந்த விதி. மருத்துவச் சான்றிதழ் கொண்டு வருகிறவருக்கு அதில் ஓரளவு வழி பிறக்கலாம். நோய்க்குச் சான்றிதழ் தர மருத்துவர் இருக்கிறார். வறுமைக்குச் சான்றிதழ் தருவார் யார்? மூன்று நாள் கூலி வந்தால்தான் தேர்வுக் கட்டணம் கட்டலாம் என்பவன், அந்த மூன்று நாளுக்கு என்ன எழுதுவான்? காய்ச்சல் என்றுதான் எழுதுவான். நம்பிக்கையின் உறவினமாகப் பிறந்த சொல், நம் கையில் பொய்க்குப் படிக்கட்டு ஆகிவிட்டது.

புனித நாளும் வாவும்

மூட்டையில் உள்ள இரண்டாம் பொருள் 'ஹாலிடே'. 'ஹோலி' என்றால் புனிதம், 'டே' என்றால் நாள். இரண்டும் சேர்ந்து திருநாள் என்றே பொருள்படும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்வதற்காக வேலையை நிறுத்திய நாள், காலப்போக்கில் வேலை இல்லாத எந்த நாளுக்கும் பெயராயிற்று.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபம் வந்தால் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் ஆகும். 'இது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை அன்று' என்ற வாசகத்தையும் அறிவிப்பில் காணலாம். மலை உச்சியில் எரியும் தீபத்துக்கும் பாங்கிக் காசோலைக்கும் முடிச்சுப் போடும் அந்த வரியைப் படித்து நான் வியந்ததுண்டு. எந்த நாளில் பாங்கிகள் மூடியிருக்கும், எந்த நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்ற கணக்குக்காக ஆங்கிலேயர் காலத்தில் வகுத்த சட்டம் அது.

ஆங்கிலேயர் வருமுன் நம்மிடம் விடுமுறையே இல்லையா? இருந்தது! திண்ணைப் பள்ளிக்கூடங்களில் விடுமுறை நாளுக்கு 'வாவு' என்று பெயர். நிறைநிலா நாளையும் மறைநிலா நாளையும் குறிக்கும் 'உவா' என்னும் பழந்தமிழ்ச் சொல்லே 'வாவு' என்று திரிந்தது. மலையாள நாட்டார் அமாவாசையை இன்றும் 'கறுத்த வாவு' என்றே வழங்குகின்றனர். இலங்கையில் பௌர்ணமியாகிய போயா நாள் இன்றும் அரசு விடுமுறை. 1966 முதல் 1971 வரை அந்நாட்டில் ஞாயிறுக்குப் பதிலாக நிலவின் நான்கு கலைகளை ஒட்டி வந்த போயா நாட்களையே வார விடுமுறையாகக் கொண்டிருந்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை என்ற வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. மாட்டுப் பொங்கலன்று எருதின் கழுத்தில் நுகத்தடி ஏறாது. மாட்டுக்கும் ஒரு விடுமுறையை வகுத்த மக்கள் நாம்!

ஆனால் பௌர்ணமியன்று அண்ணாமலையாரை வலம் வரும் பாதையில் சற்று நின்று பாருங்கள். பதினான்கு கிலோமீட்டர் தூரமும் பக்தர் வெள்ளம். அவர்களுக்கு அது புனித நாள். பூக்கட்டும் அம்மாளுக்கும், இரவெல்லாம் சிறப்புப் பேருந்து ஓட்டும் ஓட்டுநருக்கும், விடியற்காலையில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் அதுவே மாதத்தில் மிகக் கடுமையான வேலை நாள். ஒருவருடைய திருநாளை இன்னொருவருடைய உழைப்பே தாங்கி நிற்கிறது. தாங்குகிறவருக்கு வேறொரு நாளாவது ஓய்வு வேண்டாமா?

ஞாயிறு வந்த வழி

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், ஞாயிறன்று நீதிபதிகளும் நகர மக்களும் கைவினைஞரும் ஓய்ந்திருக்க வேண்டும் என ஆணையிட்டான். அதே ஆணையில் ஒரு விலக்கும் இருந்தது. நாட்டுப்புறத்தில் பயிர்த்தொழில் செய்வோர் அன்றும் வேலை பார்க்கலாம் என்பதே அது. விதைக்கவும் கொடி நடவும் ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்று காரணமும் சொல்லப்பட்டது. காரணம் நியாயமானதே. பருவம் யாருக்காகவும் காத்திராது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஞாயிறு ஓய்வுக்கு முதன்முதல் ஆணை பிறந்த அன்றே, உழவன் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டான்!

நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய் நூற்பாலைகளில் தொழிலாளர் வாரம் முழுவதும் ஓய்வின்றி உழைத்த காலம் ஒன்று இருந்தது. 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டுமே மாதத்தில் நான்கு நாள் ஓய்வு தந்தது. ஜோதிராவ் புலேயின் வழியில் வந்த நாராயண் மேகாஜி லோகாண்டே, 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூட்டங்கள் கூட்டினார்; ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்துடன் மனுக்கள் கொடுத்தார். 1890-இல் பம்பாய் ஆலை முதலாளிகள் வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு இசைந்தனர். 1891-இல் அது சட்டத்திலும் இடம்பெற்றது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை லோகாண்டேக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஞாயிறன்று காலை எட்டு மணி வரை போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நண்பர்கள் இனி அப்பெரியவரை ஒரு கணம் நினைத்துவிட்டுத் தூங்கட்டும்!

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்று வகுத்தது. அதே 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 24-ஆம் பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை என்று கூறியது. நம் அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு, தொழிலாளர் அனைவருக்கும் நல்வாழ்வும் ஓய்வும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அந்த 'அனைவர்' என்பதற்குள் வேளாண்மைத் தொழிலாளரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 321-இல் வெளியே நிறுத்தப்பட்டவரை நம் அரசியலமைப்பு உள்ளே அழைத்தது. ஏட்டில் அழைத்தது, எங்கள் ஊர் வரப்புக்கு அந்த அழைப்பு வந்து சேரக் காணோம்.

வெற்றிடம்

மூன்றாம் பொருள் 'வெகேஷன்'. கோடை விடுமுறையை நாம் இவ்வாறு வழங்குகிறோம். உயர்நீதிமன்றத்துக்கும் மே மாதத்தில் இது உண்டு. வெறுமையாயிருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரில் பிறந்தது இச்சொல். நாம் ஆய்வகத்தில் பேசும் 'வாக்குவம்' என்னும் வெற்றிடமும், வேலை தேடும் பட்டதாரிகள் செய்தித்தாளில் தேடும் 'வேகன்சி' என்னும் காலியிடமும் அதன் உடன்பிறப்புகள். ஆக, வெகேஷன் என்பது கடமைகள் இல்லாமல் காலியாக இருக்கும் காலம்.

நம் கல்லூரித் தோழர்களின் கோடை விடுமுறை காலியாகவா இருக்கிறது? ஜவுளிக்கடையில் துணி மடிப்பவர் ஒருவர். பூந்தோட்டத்தில் விடியுமுன் அரும்பு பறிப்பவர் ஒருவர். கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறவர் ஒருவர். பெங்களூருக்கு ரயிலேறுபவர் இன்னொருவர். அடுத்த ஆண்டுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிறக்கின்றன. இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது என்று பழைய அறிஞர் சொன்னார்களாம். ஏழை வீட்டு விடுமுறைக்கு அது சாலப் பொருந்தும்!

நான்காவது பொருள்

மேலே சொன்ன மூன்றும் அகராதியில் உள்ளவை. நான்காவது பொருள் அகராதியில் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறது.

மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். செய்தி கேட்டதும் வீட்டுப் பிள்ளைகள் 'லீவு, லீவு' என்று குதிக்கிறார்கள். அதே வீட்டில், அதே நேரத்தில், அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும் தாய், அரிசிப் பானையை எட்டிப் பார்க்கிறாள். மழை பெய்தால் களை எடுக்க அழைக்க மாட்டார்கள்; கட்டட வேலையும் நின்றுவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்ட கொடுமையை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் பள்ளி கல்லூரிகள் மூடப்பட்டன. எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலையில்லை. என் அம்மா சொன்னது இதுதான்: "உங்களுக்கும் லீவு, எங்களுக்கும் லீவு. உங்க வாத்தியாருக்குச் சம்பளம் வந்துடும். எங்க லீவுக்கு எவன் தருவான்?"

இதில் ஆசிரியர்கள் மீது பொறாமை ஏதும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ஊதியத்தோடு வரும் ஓய்வு ஒன்று, ஊதியத்தைப் பறித்துக்கொண்டு வரும் ஓய்வு இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். 2020-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோதும் 'கொரோனா லீவு' என்றே சொன்னோம். சாப்பாட்டுக்கு வழியற்றுப் போன நாளுக்கும் 'லீவு' என்றா பெயர்? உண்ணாவிரதத்துக்கும் பட்டினிக்கும் வேறுபாடு இல்லையா? வயிறு இரண்டிலும் காலிதான். முன்னது விரும்பி ஏற்பது. பின்னது தலையில் விழுவது.

வேலை கிடைத்த நாளில் ஓய்வு இல்லை. வேலை கிடைக்காத நாளில் கூலி இல்லை. அன்றாடக் கூலிக்காரரின் காலண்டர் இதுதான். பெண்களுக்கோ வேலையற்ற நாளிலும் ஓய்வு கிடையாது. ஞாயிறன்று எல்லோரும் வீட்டில் இருப்பதால் துணியும் பாத்திரமும் இரு மடங்கு ஆகின்றன.

நாம் செய்யக் கூடியது

'சொல்லை ஆராய்ந்து என்ன பயன், சோறு கிடைக்குமா?' என்று சிலர் கேட்கலாம். பெயர் தெரியாத நோய்க்கு மருந்து கொடுக்க முடியாது. கூலியற்ற நாளுக்கு 'லீவு' என்ற இனிப்பான பெயர் இருக்கும் வரை, அதை ஒரு குறை என்றே யாரும் எண்ண மாட்டார்கள். எனவே மூன்று செயல்களை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, விடுப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதுவோம். உண்மைக் காரணத்தை எழுதுவோம். 'அறுவடைக் கூலிக்குச் செல்வதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டுகிறேன்' என்று எழுதுவதில் என்ன இழிவு இருக்கிறது? உழைப்பது குற்றமா? ஆசிரியப் பெருமக்களும் அதை உண்மை என்றே ஏற்று, தவறிய பாடத்துக்கும் செய்முறைக்கும் வேறொரு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அத்தகைய கடிதங்களைத் தொகுத்துப் பார்த்தால், எந்த மாதத்தில் எத்தனை பேர் ஏன் வரவில்லை என்பது கல்லூரிக்குத் தெரியும். செய்முறைத் தேர்வை அறுவடைக் காலத்தில் வைப்பதா வேண்டாமா என்பதையும் அதைக் கொண்டு முடிவு செய்யலாம். காய்ச்சல் கடிதங்களால் இந்தப் பயன் விளையுமா?

இரண்டாவது, நம்மில் பலர் நாளை அரசு மேசையில் அமரப் போகிறவர்கள். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு நம் பெயரிலும் வரவு வைக்கப்படும். அன்று எதிரில் கைகட்டி நிற்கும் கிழவரை 'போய் நாளைக்கு வா' என்று சொல்லுமுன் ஒன்றை நினைக்க வேண்டும். நமக்கு அது ஒரு நாள் தள்ளிவைப்பு. அவருக்கு ஒரு நாள் கூலி.

மூன்றாவது, நாம் யாரையேனும் வேலைக்கு அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தால், அது வீட்டு வேலையாயினும் வயல் வேலையாயினும், வாரம் ஒரு நாள் கூலியுடன் ஓய்வு தருவோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிறன்றே தாயை உட்கார வைத்துவிட்டு, மகனும் மகளுமாகச் சமையலறைக்குள் நுழையலாம். அதற்குச் சட்டம் தேவையில்லை!

பட்டம் பெறும் முதல் தலைமுறை என்று எங்களைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமைக்கு ஒரு கடனும் உண்டு. எங்களுக்கு முந்திய தலைமுறையினர் விடுப்பு என்ற ஒன்றை ஈட்டியதே இல்லை. ஈட்டியதையெல்லாம் எங்கள் படிப்புக்கே கொடுத்துவிட்டனர். கூலி குறையாமல், யாரிடமும் கெஞ்சாமல், கவலையின்றி ஒரு நாள் அவர்கள் கால் நீட்டி உட்கார வேண்டும். அந்த நாளுக்கு லீவு என்றோ, விடுமுறை என்றோ, வாவு என்றோ எந்தப் பெயரும் வைக்கலாம். நாள் வர வேண்டும்!